சீவாளியும் ஈரமும்

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், இன்று லிட்டில் இந்தியா எனப் பெயர் வழங்கும் பகுதி சில தெருக்களே கொண்டது. பினாங்கு வீதி, குயின் வீதி, கிங் வீதி, தமிழர் நாவில் கடைத்தெரு என்றே நிலைத்துவிட்ட மார்க்கெட் வீதி, சூலியா வீதியின் ஒரு பகுதி ஆகியவற்றைக் கால் மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். இச்சிறு வட்டத்துள் தமிழர் வாழ்வு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ளது. குயின் வீதியில் உள்ள மகாமாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டில் எழுந்தது. நகரத்தார் பெருமக்களின் கோயில் வீடு பினாங்கு வீதியில் உள்ளது. மணம், பூப்பு, காதணி, குடமுழுக்கு, தேர் என எந்த நிகழ்ச்சியாயினும், இத்தெருக்களில் முதலில் ஒலிப்பது நாகசுரமும் தவிலுமே.

அந்த ஒலியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் இராகத்தையும் பாணியையும் வித்துவான்களின் பெயர்களையும் எழுதுவர். காற்றுக் கருவியை வாசிப்பவன் நாள்தோறும் போராட வேண்டிய பகையாகிய ஈரத்தைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. வாசிப்பவனின் மூச்சில் உள்ள ஈரம், வாயில் ஊறும் ஈரம், உடலில் வழியும் வியர்வை, ஊரைச் சூழ்ந்த கடற்காற்றின் ஈரம் ஆகிய நான்கும் ஒரு சிறு நாணல் துண்டின்மேல் வந்து கூடுகின்றன. அத்துண்டு வாய் திறந்தால் மங்கலம். அடைத்துக்கொண்டால் ஊர்வலம் நடுத்தெருவில் ஊமையாய் நிற்கும்.

அந்த நாணல் துண்டே சீவாளி. காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் நாணல் இனத்துத் தட்டையை அறுத்து, உலர்த்தி, பக்குவப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டிச் சீவாளி செய்கின்றனர். நாகசுரத்தின் மரக்குழல் நரசிங்கம்பேட்டைக்குப் பெயர்போனது. சீவாளித் தொழிலில் திருவாவடுதுறைக்கு நெடுநாளையப் பெயர் உண்டு. ஆச்சா மரத்தை, அதிலும் பழைய வீடுகளின் தூண்களிலும் விட்டங்களிலும் பல பத்தாண்டுகள் கிடந்து முதிர்ந்த மரத்தையே, நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் விரும்பித் தேடுவர். ஈரம் முற்றாக வற்றிய மரமே பின்னாளில் ஈரத்தைத் தாங்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குழலுக்கு உலகப் பெயர் கிடைத்தது. சீவாளிக்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை. ஒரு குழல் ஒருவரின் ஆயுள் முழுதும் உழைக்கும். சீவாளியோ சில வாரங்களில் தளர்ந்துவிடும். விரைவில் அழிவதற்கு வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு.

நாகசுரத்தைக் கண்ணுற்றவர் யாவரும் அதன் மேற்பகுதியில் நூலில் கட்டித் தொங்கும் சில சிறு பொருள்களைக் கண்டிருப்பர். குழந்தைகள் அவற்றை அணி என்று எண்ணுவதுண்டு. உண்மையில் அவை மாற்றுச் சீவாளிகளும், தந்தத்தாலோ கொம்பாலோ கடைந்த ஒரு கூரிய ஊசியும் ஆகும். அந்த ஊசி சீவாளியின் துளையில் தங்கிய உமிழ்நீரையும் துகள்களையும் நீக்கி, அதன் வாயைத் திறந்து கொடுக்கும். கருவியை முதன்முதலில் வகுத்த அறிவாளர்கள், ஈரம் வரும் என்பதையும், அது வாசிப்பின் நடுவே வரும் என்பதையும் எதிர்பார்த்து, மருந்தையும் கருவியிலேயே கட்டித் தொங்கவிட்டனர். மேனாட்டார் தங்கள் பித்தளைக் கருவிகளில் நீர் வடிக்கும் சிறு வாயில் ஒன்றை அமைத்தனர். காட்லாந்து நாட்டார் தங்கள் தோற்பைக் குழலின் தோலைப் பதப்படுத்தி ஈரத்தை உறிஞ்சச் செய்தனர். ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு மருத்துவம்.

குழலுக்குள் தேங்கும் நீரைப் பொதுமக்கள் எச்சில் என்றே கருதுகின்றனர். இக்கருத்து முழுதும் சரியன்று. அதன் பெரும்பகுதி மூச்சே. நுரையீரலிலிருந்து வரும் காற்று ஏறக்குறைய நீராவி நிறைந்த நிலையில் வாயை விட்டு வெளியேறுகிறது. அதன் வெப்பம் சுமார் 34 பாகை செல்சியசு. அவ்வெப்பத்தில் ஆயிரம் லிட்டர் காற்று 37 கிராம் அளவு நீரைத் தாங்க வல்லது. அதே காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் 13 கிராம் நீரையே தாங்கும். எஞ்சியது துளியாய்ப் படியும். ஆதலால் குளிர்நாட்டு மண்டபத்தில் குழலூதுவோர் அடிக்கடி நீரை வடிக்க நேர்கிறது. பினாங்கின் 28 பாகையில் காற்று 27 கிராம் வரை தாங்கும் என்பதால் படியும் நீர் பத்துக் கிராம் அளவே. வெயிலில் குழல் சூடேறிவிட்டால் அதுவும் குறையும்.

இக்கணக்கைக் கண்டு பினாங்கு நாகசுரக்காரர் நற்பேறு பெற்றவர் என்று முடிவு செய்தல் தவறாகும். குளிர்நாட்டில் ஈரம் விரைவில் படியும். ஆயினும் வறண்ட அறையில் கருவியை வைத்தால் விரைவில் காயும். பினாங்கிலோ காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. படிந்தது குறைவாயினும் போவதற்கு வழியில்லை. சித்திரைக் கோடையில் தஞ்சை மண்ணில் வாசித்துப் பழகியவர் சீவாளி காய்ந்துவிடுமே என்று அஞ்சி வாயில் வைத்து நனைப்பார். அவரே கடல் கடந்து இங்கு வந்தால், சீவாளி காயாதே என்று அஞ்ச வேண்டும். காயாத நாணல் ஊறிப் பருக்கிறது, மென்மையாகிறது, ஒலி மழுங்குகிறது. மூடிய பெட்டியில் வைத்தால் பூசணம் பூக்கிறது. ஒரே கலை, ஒரே கருவி, ஒரே மனிதர். கரை மாறியதும் அச்சம் தலைகீழாயிற்று.

அக்கரை மாற்றம் நிகழ்ந்த வழியும் நீர்வழியே. ரஜூலா என்னும் கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து ஓடியது. அக்காலத்தில் மலாயாவுக்கு வந்த தமிழர் பலருக்கு முதலில் கண்ணிற்பட்ட மண் பினாங்கேயாகும். தோட்டப்புறக் கோயில்களுக்கும் நகரக் கோயில்களுக்கும் ஒப்பந்தத்தின்பேரில் தமிழகத்திலிருந்து கலைஞர்களை வரவழைக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக நிலவுகிறது. கருவியை மட்டும் உறையிலிட்டுக் கொணர்ந்தால் போதாது. சீவாளிகளைக் கட்டாகக் கொணர வேண்டும். தீர்ந்துவிட்டால் அடுத்த கட்டு காவிரிக் கரையிலிருந்தே வரவேண்டும். மஞ்சளும் மல்லியும் எந்நாளும் கிடைக்கும் இக்கடைத்தெருவில், இறக்குமதிப் பட்டியலில் எவரும் எழுதாத பண்டம் இது.

பினாங்கில் நாகசுரத்துக்கு ஈரம் வைக்கும் தேர்வுகள் இரண்டு. ஒன்று தைப்பூசம், மற்றொன்று நவராத்திரி.

தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரித் திங்கள்கள் இத்தீவில் மழை குறைந்தவை. பூசத்துக்கு முதல்நாள் விடியலில் நகரத்தாரின் வெள்ளி இரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. காரைக்குடியில் உருவாகி 1894இல் இங்கு வந்து சேர்ந்த அவ்விரதம், தேங்காய்கள் உடைபடும் தெருக்கள் வழியே மெல்ல ஊர்ந்து, தமிழர் தண்ணீர்மலை என்று அழைக்கும் இடத்தில் உள்ள நகரத்தார் கோயிலை அடையும்போது இரவு நெடுநேரம் ஆகிவிடுகிறது. 2017 முதல் குயின் வீதி மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க இரதம் ஒன்றும் புறப்படுகிறது. விடியலில் குளிர்ந்த குழல், நண்பகலில் கொதிக்கும் குழல், நள்ளிரவில் மீண்டும் குளிர்ந்த குழல் என ஒரே நாளில் மூன்று பருவங்களை நாகசுரக்காரர் கடக்கிறார். நண்பகலில் குழலுக்குள் ஒரு துளியும் தங்காது. ஆனால் அவர் உடலின் நீர் வியர்வையாய்ப் போய்க்கொண்டிருக்கும். கடும் வெயிலில் உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும். உதடு காயும், காய்ந்த உதடு சீவாளியைப் பிடிக்காது. இரவிலோ உடல் ஓய்ந்தபின் குழலில் துளி சேரும். ஒலியில் ஒருவகைக் கொப்பளிப்பு எழும். ஊசியை எடுக்கும் நேரம் அது.

நவராத்திரி மழைப்பருவத்தில் வருகிறது. விசயதசமியன்று மகாமாரியம்மன் ஆலயத்து அம்மன் இத்தெருக்களில் ஊர்வலம் வரும்போது வானம் தெளிந்திருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாது. நாகசுரம் மட்டுமன்றித் தவிலும் அன்று வாடுகிறது. தோல் ஈரம் உண்டு தளர, வார் இறுக்கி நாதம் மீட்க வேண்டும். தவில் வாசிப்பவரின் விரற்கூடுகளும் ஈரத்துக்கு விதிவிலக்கல்ல. சீவாளி மாற்ற நாகசுரம் ஓயும் சில நொடிகளைத் தவில் நிரப்பும். கேட்போர் அதனைத் தாளச் சிறப்பு என்று மகிழ்வர். அது நட்புச் சிறப்பும் ஆகும்.

பழைய மேளத்தில் மற்றொருவர் இருந்தார். அவர் ஒத்து ஊதுபவர். சுருதியை இடைவிடாது ஊதி நிறுத்துவது அவர் கடமை. நாகசுரக்காரர் ஓய்ந்தாலும் தவில்காரர் ஓய்ந்தாலும் அவர் ஓயலாகாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, குழலை வாயிலிருந்து எடுக்காமலே ஊதுவார். ஆதலால் மற்றையோர் நீர் அருந்தும் இடைவெளியிலும் அவர் அருந்த இயலாது. இருவரில் ஒருவர் சொல்வதற்கெல்லாம் மற்றவர் தலையசைத்தால் ஒத்து ஊதுகிறான் என்று எள்ளுகிறோம். அவ்வேலை எத்துணை கடினமானது என்று அறிந்தவர் அச்சொல்லை அவ்வளவு எளிதாக ஆளமாட்டார். சுருதிப் பெட்டி வந்தபின் ஒத்து ஊதுபவர் மறைந்தார். பெட்டிக்குத் தாகம் இல்லை.

இனி, இக்கலைஞர் எதை அருந்தினர், அதை எவர் எவ்வாறு கொடுத்தனர் என்னும் வினா எழுகிறது. கருநாடக இசை அரங்கில் பாடகர் அமர்ந்ததும் அவர் அருகில் வெள்ளிக் கூசா வைக்கப்படும் காட்சி தமிழ் இசை உலகின் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதில் வெந்நீரோ பாலோ காப்பியோ இருக்கும். நாகசுரக்காரருக்கு அரங்கு தெருவே. அவர் நின்று வாசித்தார், நடந்து வாசித்தார். நடப்பவர் அருகில் கூசா எங்கே வைப்பது? இடைவேளையில் எவரேனும் கொடுத்தால் அருந்துவார். வித்துவான் என்ற பெயர் பாடகருக்கு எளிதில் வந்தது. நாகசுரம் வாசித்தவரை நாயனக்காரன் என்று ஒருமையில் விளித்த காலமும் உண்டு. தொழிலின் தாகத்துக்கும் சமூகத்தின் தாழ்வுக்கும் இடையே இத்தகைய ஓர் உறவு இருந்தது.

இதற்குச் சான்றாகச் சுயமரியாதை இயக்க வரலாற்றில் நினைவுகூரப்படும் கானாடுகாத்தான் நிகழ்ச்சியைக் கூறலாம். 1930ஐ ஒட்டிய காலத்தில் அவ்வூரில் நடந்த ஒரு திருமண ஊர்வலத்தில், நாகசுர வித்துவான் மதுரை சிவக்கொழுந்து வியர்வையைத் துடைக்கும் பொருட்டுத் தோளில் துண்டு அணிந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதனை எடுக்குமாறு கூறினர். ஊர்வலத்தில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, துண்டை எடுக்க வேண்டாம் என்று தடுத்து, வாசிப்பைத் தொடரச் செய்தார். பூசலின் பொருள் ஒரு முழத் துணி. ஆனால் அத்துணி எதற்காக என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெற்றியில் வழியும் வியர்வை உதட்டை அடைந்தால் சீவாளி வழுக்கும். கைவிரலை அடைந்தால் துளையின்மேல் விரல் நில்லாது. தோளில் துண்டு நாகசுரக்காரருக்கு அணியன்று, ஊசியைப் போலவே ஒரு கருவி. அதைப் பறிக்க முனைந்தவர்கள் தாங்கள் கேட்க விரும்பிய இசையையே பறிக்க முனைந்தனர்.

அந்நிகழ்ச்சியின் எதிரொலி இங்கு எட்டாதிருக்க வாய்ப்பில்லை. பெரியார் 1929ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் கப்பலில் வந்து இறங்கிய இடம் இதே பினாங்கு. செட்டிநாட்டின் கொடையும் பத்தியும் எக்கப்பல்களில் வந்தனவோ, அக்கப்பல்களிலேயே அந்நாட்டின் வழக்கங்களும், அவற்றை மறுத்த குரல்களும் வந்தன. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நாகசுரத்துக்கு ஈட்டித் தந்ததையும் இவ்வரிசையில் வைத்துக் காண வேண்டும். மேடையில் அமர்ந்தபின்னரே நாகசுரக்காரர் அருகிலும் கூசா வந்தது.

அருந்தியவை யாவை என்பதில் பெரும் மறைபொருள் ஏதுமில்லை. பனங்கற்கண்டு இட்ட சூடான பால், சுக்கும் மிளகும் கூட்டிய கசாயம், வெந்நீர், காப்பி ஆகியவையே மரபில் விரும்பப்பட்டவை. குளிர்ந்ததைத் தவிர்ப்பது பொது வழக்கம். இவற்றுள் எது அறிவியலுக்கு ஒத்தது என்று ஆராய்ந்தால் வியப்பான விடைகள் கிடைக்கின்றன. அருந்தும் நீர் குரல்வளையைத் தொடுவதேயில்லை. உணவுக்குழாய் வழியே சென்று, உடலில் கலந்து, பின்னரே தொண்டையின் ஈரத்தைக் காக்கும். ஆகவே வாசிப்புக்குச் சற்று முன்பு குடிப்பதினும் பல மணி நேரம் முன்பிருந்தே சிறுகச் சிறுகக் குடிப்பது பயன் தரும். பால் சளியைப் பெருக்கும் என்பதை ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. உமிழ்நீரோடு கலந்து நாவில் ஒரு தடிப்பை உண்டாக்கும், அவ்வளவே. ஆனால் அத்தடிப்பும் சர்க்கரையும் வாயை அலம்பாமல் ஊதினால் சீவாளியில் போய் ஒட்டும். ஒட்டிய இனிப்பு காயும்போது பிசினாகும். காயாவிடில் பூசணத்துக்கு உணவாகும். பினாங்கில் அது காயாது.

மற்றொன்று வெற்றிலை பாக்கு. பாக்கில் உள்ள ஒரு பொருள் உமிழ்நீரை ஊறச் செய்கிறது. வறண்ட ஊரில் அது ஒரு வரமாகத் தோன்றியிருக்கும். ஈரம் மிகுந்த ஊரில் அது தேவைக்கு மேற்பட்ட நீர். அதனினும் பெரிய தீங்கு வேறு. பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. வாயை முதலாகக் கொண்டு வாழ்பவர் வாய்க்கே பகையாவதை மெல்லுவது துயரமானது.

மதுவைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. நாகசுரக்காரர் என்றதும் மதுவை இணைத்துப் பேசும் வம்பு மொழி ஊர்தோறும் உண்டு. எல்லாக் கலைகளிலும் குடித்தவரும் உளர், குடியாதவரும் உளர். ஒரு குலத்தார்மேல் மட்டும் அப்பழியைச் சுமத்துவது, துண்டை எடு என்று சொன்ன மனநிலையின் மிச்சமே. உண்மை இதுதான்: மது உடலின் நீரை வெளியேற்றும், உதட்டின் கட்டுப்பாட்டைத் தளர்த்தும். பத்து மணி நேரம் நடந்து வாசிக்க வேண்டியவருக்கு அது உதவாது என்பதை அத்தொழிலில் நிலைத்தவர் அறிவர். இரவு முழுதும் கோயில் வாசலில் நிற்பவனுக்கு வெந்நீர் கொடுக்க ஆளில்லாத ஊரில், அவன் வேறெதைக் குடித்தான் என்று விசாரிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இன்றையத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை செல்லும் சாலையின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. பனிக்கட்டி மிதக்கும் செந்நிறச் சர்க்கரை நீரும் மோரும் வழிப்போக்கர் அனைவருக்கும் இலவசம். வந்தவர் எவர் என்று கேட்காமல் கொடுக்கும் அக்கொடை பாராட்டுக்குரியது. நாகசுரக்காரருக்கு மட்டும் அது பாதிக் கொடை. பனிக்கட்டி நீர் உதட்டை மரக்கச் செய்யும். சர்க்கரை சீவாளியில் ஒட்டும். அவருக்கு வேண்டியது சூடு தணிந்த வெறும் வெந்நீர் ஒரு குவளை, வாய் கொப்பளிக்க இன்னொரு குவளை. கடைத்தெருவில் இஞ்சித் தேநீர் ஆற்றும் கடைகளுக்குக் குறைவில்லை. சர்க்கரையின்றி ஒன்று கேட்டால் ஆற்றுபவர் சற்று வியந்து பார்ப்பார்.

கோயில்களில் இப்போது மின்விசையால் தானே அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் வந்துவிட்டன. பதிவு செய்த நாகசுரம் ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. அதற்கு மழைப்பருவம் இல்லை, தாகம் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இந்நாட்டிற் பிறந்த இளைஞர் இக்கலையைக் கற்க முன்வரும்போது அவர்களுக்குச் சரளி வரிசை கற்பிக்கப்படுகிறது, கீர்த்தனை கற்பிக்கப்படுகிறது. நரசிங்கம்பேட்டைக் குழலைப் பினாங்கின் காற்றில் எவ்வாறு உலர்த்துவது என்பதை மட்டும் அவரவரே கெடுத்துக் கற்க நேர்கிறது. தஞ்சையிலிருந்து வந்த ஆசிரியருக்குத் தஞ்சையின் வறட்சிக்கு வேண்டிய வழிகளே தெரியும். இத்தீவின் ஈரத்தோடு பழகியவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, கற்றதையும் உடன் கொண்டு சென்றனர்.

அவர்கள் கண்ட முறை பெரிதொன்றுமில்லை. வாசித்து முடிந்ததும் சீவாளியைக் கெண்டையிலிருந்து கழற்றி, ஊதி நீர் நீக்கி, மெல்லிய துணியில் ஒற்றி, காற்றோடும் நிழலில் வைப்பது. ஈரமாய் இருக்கையில் பெட்டியை மூடாதிருப்பது. ஒரே சீவாளியை நாள் முழுதும் வாட்டாமல் மூன்று நான்கை முறைவைத்து மாற்றுவது. குழலுக்குள் துணி செலுத்தித் துடைப்பது. வெயிலில் காயவைத்து மரத்தை வெடிக்கவிடாதிருப்பது. விசயதசமி ஊர்வலம் முடிந்து அம்மன் கருவறைக்குத் திரும்பியபின், கூட்டம் கலைந்த குயின் வீதியில், தவில்காரர் வாரைத் தளர்த்திக்கொண்டிருக்க, நாகசுரக்காரர் முதலில் செய்யும் வேலை இதுவே. தமக்குரிய பாலை அதன்பிறகுதான் அருந்துவார்.